கிரிப்டோ ஃபண்டா, மைனிங் பங்கா? வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

பிட்காயின் விலை ஏறும் என்ற நம்பிக்கை இருக்கிறது, ஆனால் வாலட், பாஸ்வேர்டு, எக்ஸ்சேஞ்ச் என்று அலையப் பிடிக்கவில்லை. இப்படிப்பட்டவருக்கு அமெரிக்கப் பங்குச் சந்தையில் இரண்டு வழிகள் கண்ணில் படும். ஒன்று, கிரிப்டோ தொழிலில் இருக்கும் பல நிறுவனங்களின் பங்குகளை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் இடிஎஃப் (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு). இன்னொன்று, பிட்காயின் மைனிங் (கணினிகளை ஓட்டி பிட்காயின் நெட்வொர்க்கை இயக்கி, அதற்குப் பரிசாகப் புது பிட்காயின் பெறுவது) செய்யும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் பங்கு.

"ஃபண்டு பாதுகாப்பு, பங்கு வேகம், உங்களுக்கு எது வேண்டும்?" என்று யூடியூபில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் பாதிதான் சரி. ஃபண்டு உங்களை ஒரு நிறுவனத்தின் விபத்திலிருந்துதான் காப்பாற்றும். கிரிப்டோ சந்தையே கவிழ்ந்தால் அது எந்தக் குடையும் பிடிக்காது. மைனிங் பங்கோ, பிட்காயின் ஏறினாலும் இறங்கக்கூடியது. இந்த இரண்டையும் புரிந்துகொண்ட பிறகு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். பேச்சு தெளிவாக இருக்க ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: பிட்வைஸ் நிறுவனத்தின் 'பிட்க்யூ' என்ற இடிஎஃப், அப்புறம் மாரா ஹோல்டிங்ஸ் என்ற மைனிங் நிறுவனத்தின் பங்கு.

படி 1: மூன்று வருட விலையை வரிசையாகப் பாருங்கள்

ஒரு வருடத்து வரைபடத்தை மட்டும் பார்த்தால் யாரையும் எதையும் நம்ப வைத்துவிடலாம். அதனால் 2021 டிசம்பர் முதல் 2024 டிசம்பர் வரை பார்ப்போம்.

2021 முடியும்போது பிட்காயின் சுமார் 46,000 டாலர், மாரா பங்கு சுமார் 33 டாலர். 2022-ல் பிட்காயின் ஏறக்குறைய 64% விழுந்தது. மாரா 90% விழுந்து மூன்றரை டாலருக்கு வந்தது. 2023-ல் பிட்காயின் இரண்டரை மடங்கானது. மாரா கிட்டத்தட்ட ஏழு மடங்காகி 23 டாலரைத் தாண்டியது. இதுவரை "வேகம்" என்ற கதை பொருந்துகிறது. ஆனால் 2024-ல் பிட்காயின் இன்னொரு முறை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோது மாரா ஏறவில்லை. சுமார் 29% இறங்கி 17 டாலருக்குக் கீழே ஆண்டை முடித்தது. அதே ஆண்டில் இன்னொரு பெரிய மைனிங் நிறுவனமான ரயட் மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. பிட்க்யூ ஃபண்டு லாபத்தில் முடித்தது.

மொத்தத்தில் அந்த மூன்று வருடத்தில் பிட்காயின் இரு மடங்கு, மாரா பாதி. பிட்காயின் பற்றிய உங்கள் கணிப்பு முழுக்கச் சரியாக இருந்தும் கையில் இருந்த பணம் பாதியாகியிருக்கும்.

சரி, ஃபண்டு நிம்மதியாக இருந்ததா என்றால், 2022-ல் பிட்க்யூவும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இழந்தது. பிட்காயினைவிட மோசம் அது.

படி 2: ஃபண்டைத் திறந்து உள்ளே பாருங்கள்

பிட்க்யூ 2021 மே மாதம் தொடங்கியது. 30 நிறுவனங்கள் கொண்ட ஒரு குறியீட்டைப் பின்பற்றுகிறது. ஆண்டுச் செலவு 0.85%, ஆயிரம் டாலருக்கு எட்டரை டாலர். விதி எளிது: குறைந்தது 85% பணம், வருமானத்தின் பெரும்பகுதியை கிரிப்டோவிலிருந்து பெறும் அல்லது சொத்தின் பெரும்பகுதியை கிரிப்டோவாக வைத்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகும். மீதி, கிரிப்டோவில் கால் வைத்திருக்கும் பெரிய பொது நிறுவனங்களுக்கு.

முதல் வேலை, ஃபண்டின் இணையதளத்தில் 'ஹோல்டிங்ஸ்' பட்டியலை இறக்கிக்கொள்வது. 30 பெயர் இருந்தாலும் பணத்தில் பாதிக்கு மேல் முதல் பத்துப் பெயர்களில்தான் இருக்கும். அந்தப் பெயர்களை மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள்:

- கோயின்பேஸ் போன்ற வர்த்தகத் தளங்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் மக்கள் வாங்கி விற்றால் கமிஷன் கிடைக்கும். யாரும் எட்டிப் பார்க்காத மந்த காலம்தான் இவற்றுக்கு ஆகாது.
- ஸ்ட்ராடெஜி போன்ற பிட்காயின் கையிருப்பு நிறுவனங்கள். மைக்ரோஸ்ட்ராடெஜி என்ற பழைய பெயரில் 2020 ஆகஸ்டில் பிட்காயின் வாங்க ஆரம்பித்தது. பங்கும் கடன்பத்திரமும் விற்று விற்று வாங்கிக்கொண்டே இருக்கிறது.
- மைனிங் நிறுவனங்கள். மாரா, ரயட் எல்லாம் இங்கே.

இந்த மூன்றும் பணம் சம்பாதிக்கும் விதம் வேறு வேறு என்பதால்தான் 2024-ல் மைனிங் பங்குகள் சறுக்கியபோதும் ஃபண்டு தப்பித்தது. ஆனால் எல்லோருக்கும் அடித்தளம் ஒரே பிட்காயின் என்பதால் 2022-ல் எல்லாம் சேர்ந்தே விழுந்தன. 30 பெயர் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிவைக்கிறேன்" என்பவர்கள், ஃபண்டுக்குள்ளேயே அந்த மைனிங் பங்கு இருப்பதைக் கவனிப்பதில்லை. பட்டியலில் அது எத்தனை விழுக்காடு என்று பார்த்துவிட்டுத்தான் தனியாக வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். பெரும்பாலும் மைனிங் நிறுவனங்களையே வைத்திருக்கும் ஃபண்டும் உண்டு. 2022 பிப்ரவரியில் வந்த 'டபிள்யூஜிஎம்ஐ' அப்படிப்பட்டது. அதுவும் பிட்க்யூவும் கிரிப்டோ ஃபண்டு என்றே பேசப்படும், உள்ளே வேறு உலகம்.

படி 3: ஒரே ஒரு மைனிங் இயந்திரத்துக்குக் கணக்குப் போடுங்கள்

நேரம் குறைவு என்றால் மற்ற படிகளைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள். ஒரு காகிதமும் பேனாவும் போதும்.

2024 ஏப்ரலில் நடந்த ஹால்விங்குக்கு (மைனிங் பரிசை நெட்வொர்க் பாதியாக்கும் நிகழ்வு) பிறகு ஒரு பிளாக்குக்கு, அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்புக்கு, கிடைக்கும் பரிசு 6.25-லிருந்து 3.125 பிட்காயினாகக் குறைந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், ஒரு நாளைக்கு 144. ஆக, உலகம் முழுக்க உள்ள எல்லா மைனிங் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு நாளில் பங்கு போட்டுக்கொள்வது சுமார் 450 பிட்காயின். எத்தனை புது இயந்திரம் வந்தாலும் இந்த 450 கூடாது. சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதாவது 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற வேகம் மாறாதபடி, பிளாக்கைக் கண்டுபிடிக்கும் கடினத்தை நெட்வொர்க் தானாகவே மாற்றிக்கொள்ளும்.

2024 நடுவில் இருந்ததுபோல் பிட்காயின் 60,000 டாலர், மொத்த ஹேஷ்ரேட் (உலகின் எல்லா மைனிங் இயந்திரங்களும் சேர்ந்து கணக்குப் போடும் வேகம்) 600 எக்ஸாஹேஷ் என்று வைத்துக்கொள்வோம். 450 பிட்காயினின் மதிப்பு 2.7 கோடி டாலர். 600 எக்ஸாஹேஷ் என்பது 60 கோடி டெராஹேஷ். வகுத்தால் ஒரு டெராஹேஷுக்கு ஒரு நாள் கூலி நாலரை சென்ட். பரிவர்த்தனைக் கட்டணம் கொஞ்சம் சேரும், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

இப்போது பிட்மெயின் நிறுவனத்தின் மூன்று தலைமுறை இயந்திரங்களைப் பாருங்கள். மின்சாரம் யூனிட்டுக்கு 5 சென்ட் என்று வைப்போம்.

எஸ்21: 200 டெராஹேஷ், 3,500 வாட். ஒரு நாள் வருமானம் 9 டாலர். 84 யூனிட்டுக்குக் கரண்ட் பில் 4.20 டாலர். மிச்சம் 4.80.

எஸ்19 ப்ரோ: 110 டெராஹேஷ், 3,250 வாட். வருமானம் 4.95, கரண்ட் 3.90. மிச்சம் ஒரு டாலர் ஐந்து சென்ட்.

எஸ்9: 2016-ல் வந்தபோது ராஜா. இப்போது நாளுக்கு 60 சென்ட் சம்பாதிக்க ஒன்றரை டாலருக்கு மேல் கரண்ட் தின்னும். காயலான் கடைக்குத்தான்.

அடுத்து, பிட்காயின் விலை அப்படியே இருக்க, போட்டியாளர்கள் புது இயந்திரம் வாங்கி ஹேஷ்ரேட் 900 எக்ஸாஹேஷ் ஆகிவிட்டது என்று போடுங்கள். ஒரு டெராஹேஷ் கூலி 3 சென்டாகக் குறையும். எஸ்21-ன் மிச்சம் 4.80-லிருந்து 1.80 ஆகிறது. எஸ்19 ப்ரோ நாளுக்கு 60 சென்ட் நஷ்டம். பிட்காயின் ஒரு டாலர்கூட இறங்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். இது கற்பனையும் இல்லை. 2025-ல் ஹேஷ்ரேட் 1,000 எக்ஸாஹேஷையும் தாண்டிவிட்டது.

இப்போது தலைகீழாக. ஹேஷ்ரேட் 600-லேயே நிற்க, பிட்காயின் 90,000 ஆகிறது. எஸ்21-ன் மிச்சம் 9.30. விலை ஏறியது 50%, மிச்சம் ஏறியது ஏறக்குறைய இரு மடங்கு. மைனிங் பங்கு நல்ல காலத்தில் பிட்காயினைவிட வேகமாக ஓடுவதன் ரகசியம் இதுதான். 2021-ல் சீனா மைனிங்கைத் தடை செய்தபோது உலக ஹேஷ்ரேட் பாதியாகி, ஜூலை மாதம் கடினம் ஒரே அடியில் சுமார் 28% குறைந்தது. அப்போது அமெரிக்காவில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் செய்யாமலேயே கூலி உயர்ந்தது.

இந்தக் கணக்கில் இயந்திரத்தின் விலை சேரவில்லை. எஸ்21 ஒன்று மூவாயிரத்து ஐந்நூறு டாலர் என்று வைத்தால், நாளுக்கு 4.80 வீதம் முதலை எடுக்கவே இரண்டு வருடம் ஆகும். அதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும். ஆகவே நிறுவனத்தின் அறிக்கையில் நீங்கள் தேட வேண்டியவை: யூனிட்டுக்கு எத்தனை சென்ட் கொடுக்கிறார்கள், இயந்திரங்களின் சராசரித் திறன் ஒரு டெராஹேஷுக்கு எத்தனை ஜூல் மின்சாரம் (குறைந்தால் நல்லது, எஸ்21 17.5), தேய்மானம் எவ்வளவு.

மின்சார ஒப்பந்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ரயட் நல்ல உதாரணம். 2023 ஆகஸ்ட் வெயிலில் டெக்சாஸ் மின்கட்டமைப்பு திணறியபோது ராக்டேலில் இருந்த இயந்திரங்களை நிறுத்திவைத்தார்கள். அந்த மாதம் தோண்டியது 333 பிட்காயின். அன்றைய விலையில் ஒரு கோடி டாலருக்கும் குறைவு. மின்சாரத்தைப் பயன்படுத்தாமல் விட்டதற்குக் கிடைத்த வரவு மட்டும் சுமார் 3.17 கோடி டாலர். அந்த மாதத்துக்கு அதை மைனிங் நிறுவனம் என்பதா, மின்சார வியாபாரி என்பதா?

படி 4: பங்கு எண்ணிக்கையை எண்ணுங்கள்

மூன்று வருடத்தில் மாரா பாதியானதற்குப் பெரிய காரணம் இங்கே இருக்கிறது. 2021 முடிவில் அந்த நிறுவனத்துக்கு இருந்த பங்குகள் சுமார் 10 கோடி. 2024 முடிவில் 34 கோடிக்கு அருகில். இயந்திரம் வாங்கவும் பிட்காயின் வாங்கவும் பணம் வேண்டும். புதுப் பங்கை அச்சடித்து விற்பதுதான் சுலபமான வழி. நிறுவனம் வளரும், அதில் உங்கள் பங்கு சுருங்கும்.

2024 முடிவை வைத்து, 10,000 பங்கு வாங்கினால் என்ன கிடைத்திருக்கும் என்று பார்ப்போம். கொடுத்த விலை சுமார் 1,67,000 டாலர். நிறுவனத்திடம் அப்போது 44,893 பிட்காயின். 10,000 பங்குக்கு 1.32 வரும், அன்றைய மதிப்பு சுமார் 1,23,000 டாலர். நல்ல பேரம்போல் தெரிகிறது இல்லையா? ஆனால் நிறுவனத்துக்கு 200 கோடி டாலருக்கு மேல் கடனும் இருந்தது. 10,000 பங்கின் தலையில் அது ஏறக்குறைய 60,000 டாலர். கழித்தால் 63,000. மீதி ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர், இயந்திரங்களுக்கும் இடங்களுக்கும் எதிர்பார்ப்புக்கும் நீங்கள் கொடுத்த விலை. அது நியாயமா என்பதற்குப் பதில் படி 3-ல் இருக்கிறது.

அந்த 44,893 பிட்காயினும் தோண்டியவை என்று நினைத்துவிடாதீர்கள். 2024-ல் மாரா தோண்டியது பத்தாயிரத்துக்கும் குறைவு. சந்தையில் விலைக்கு வாங்கியது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதற்கான பணத்தில் பெரும்பகுதி வட்டியே இல்லாத மாற்றத்தக்க கடன்பத்திரங்கள் மூலம் வந்தது. வட்டி வாங்காமல் கடன் கொடுப்பவர் பிற்காலத்தில் அதைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமையை வாங்கிக்கொள்கிறார். இன்னும் பங்கு பெருகும் என்று அர்த்தம்.

இந்த எண்கள் எல்லாம் அமெரிக்கப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்இசியின் எட்கர் தளத்தில் '10-கே' என்ற ஆண்டறிக்கையில் இலவசமாகக் கிடைக்கும். முதல் பக்கத்திலேயே பங்கு எண்ணிக்கை இருக்கும். நாலு வருட 10-கேக்களைத் திறந்து அந்த ஒரு எண்ணை மட்டும் எழுதிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. நிகர லாபம் என்ற வரியை மட்டும் நம்ப வேண்டாம். புதிய கணக்கு விதிப்படி, வைத்திருக்கும் பிட்காயினின் விலை ஏற்றமும் லாபமாகவே அங்கே வந்து நிற்கும். தொழிலில் சம்பாதித்ததும் அதுவும் கலந்துவிடும்.

படி 5: தனி நிறுவனத்துக்கு என்னென்ன ஆகலாம்?

2022 ஜூன் 11 அன்று மொன்டானா மாநிலத்து ஹார்டின் பகுதியில் ஒரு புயல். அங்கிருந்த மின் வசதி சேதமாகி மாராவின் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களில் சுமார் முக்கால்வாசி நின்றுபோயின. அந்த செப்டம்பரில், மாராவின் இயந்திரங்களை வைத்துப் பராமரிக்கும் வேலையில் இருந்த கம்ப்யூட் நார்த் திவால் மனு கொடுத்தது. புயலுக்கும் பிட்காயினுக்கும் சம்பந்தமே இல்லை.

கோர் சயின்டிஃபிக் கதை இன்னும் பெரியது. 2022 அக்டோபரில் கடன் கட்ட முடியாது என்று எச்சரித்ததும் பங்கு ஒரே நாளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விழுந்தது. டிசம்பரில் திவால் பாதுகாப்புக்குப் போனது. 2024 ஜனவரியில் வெளியே வந்து நாஸ்டாக்கில் மறுபடி பட்டியலாகி, அதே வருடம் கோர்வீவ் நிறுவனத்தின் ஏஐ கணினிகளுக்கு இடம் கொடுக்கும் நீண்டகால ஒப்பந்தம் போட்டுப் பங்கு எகிறியது. ஒரே பங்கில் நாசமும் புதையலும். முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

ஃபண்டின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான். 30-ல் ஒன்று திவாலானால் வலிக்கும், உயிர் போகாது.

ஏஐ பற்றி ஒரு வார்த்தை. கரண்ட் இணைப்பும் இடமும் கையில் இருப்பதால் பல மைனிங் நிறுவனங்கள் டேட்டா சென்டர் தொழிலுக்கு நகர்கின்றன. 2025-ல் ஐரென் நிறுவனம் மைக்ரோசாஃப்டோடு 970 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஆக, பிட்காயினுக்காக வாங்கிய பங்கு ஏஐ செய்திக்கு ஆடும். நல்லதா கெட்டதா என்பது வேறு, நீங்கள் கேட்டது அதுவல்ல. இப்படிப்பட்ட மாற்றம் இந்தத் துறைக்குப் புதிதும் அல்ல: ரயட் 2017 வரை பயாப்டிக்ஸ் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனம், மாரா அதற்கு முன் காப்புரிமைகளை வைத்துப் பிழைத்த நிறுவனம்.

படி 6: முடிவெடுங்கள்

என் அபிப்பிராயம் இது. பிட்காயின் விலை மட்டும்தான் உங்கள் கணிப்பு என்றால் இந்த இரண்டுமே சுற்றுவழி. 2024 ஜனவரி 11 முதல் அமெரிக்காவில் பிட்காயினையே நேரடியாக வைத்திருக்கும் ஸ்பாட் இடிஎஃப்கள் வர்த்தகமாகின்றன. அதற்கு முன்பு வேறு வழியில்லாமல் மைனிங் பங்கை வாங்கியவர்கள் நிறையப் பேர். அந்தக் காரணம் இப்போது இல்லை.

கிரிப்டோ தொழில் மொத்தமாக வளரும், ஆனால் எந்த நிறுவனம் ஜெயிக்கும் என்று தெரியாது என்பவருக்கு ஃபண்டு. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் மின்சார விலை, இயந்திரத் திறன், கடன், பங்குப் பெருக்கம் ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்கத் தயார் என்பவருக்கு மட்டும் மைனிங் பங்கு. பார்க்க நேரமில்லை, ஆனாலும் பங்குதான் வேண்டும் என்றால், அதை முதலீடு என்று கணக்கில் எழுதாதீர்கள்.

எவ்வளவு போடலாம்? 90% விழுந்தால் பழைய இடத்துக்கு வரப் பத்து மடங்கு ஏற வேண்டும். 2022 அதைக் காட்டிவிட்டது. ஆகவே தொகையை நிர்ணயிக்கும்போது, அது பத்தில் ஒன்றானாலும் வீட்டுச் செலவும் பிள்ளைகள் ஃபீஸும் தடைபடாத அளவுதான் எல்லை. ஃபண்டுக்கும் இதே எல்லைதான், சலுகை கிடையாது.

படி 7: இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு

இங்கே உள்ளூர் மியூச்சுவல் ஃபண்டு வழியில் இது கிடைப்பதில்லை. 2021-ல் இன்வெஸ்கோ அப்படி ஒரு பிளாக்செயின் ஃபண்டைக் கொண்டுவரத் தயாராகி, பிறகு தள்ளிவைத்துவிட்டது. ஆகவே வெளிநாட்டுப் பங்குக் கணக்கு, ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும்) திட்டம்: ஆண்டுக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை. நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் கூடுதல் தொகைக்கு 20% டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரித் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கடன் வாங்கி மார்ஜினில் ஆட இதில் அனுமதி இல்லை.

கிரிப்டோவை நேரடியாக விற்றால் லாபத்துக்கு 30% வரி, நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது. வெளிநாட்டு நிறுவனப் பங்கு அந்தக் கட்டத்துக்குள் வராது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5%. ஃபண்டு விஷயத்தில் அது எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறலாம், ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் 'ஷெட்யூல் எஃப்ஏ' பகுதியை நிரப்ப வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்கக் குடிமகனோ அங்கு வசிப்பவரோ அல்லாதவர் இறந்தால், அவருடைய அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டும்போது அங்கே எஸ்டேட் வரி வரும். மாரா பங்கும் பிட்க்யூவும் இரண்டுமே அந்தக் கணக்கில் சேரும். தொகை அந்த அளவை நெருங்கினால் நாமினி, வாரிசு விவரங்களை புரோக்கரிடம் கேட்டு எழுதிவைத்துவிட்டு, கணக்கு இருப்பதையே வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.